சாம்பல்காரி சாப்பிட மாட்டேன் என்கிறாள்

மே 3

மருமகளுக்கு,

நலமா என்று கேட்டு எழுத எனக்கு மனமில்லை. நலமாகத்தான் இருப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மீன் செத்துவிட்டது.

ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு திரியுமே, சோம்பேறி என்று நீ பெயர் வைத்தாயே, அதுதான். காலையில் தொட்டி விளக்கைப் போட்டால் மணல்மேல் ஒருக்களித்துக் கிடக்கிறது. கண் திறந்தபடி இருக்கிறது. கண்ணாடியைத் தட்டினேன், அசையவில்லை. நீ வேலைக்கென்று ஊரை விட்டுப் போன சூடு ஆறுவதற்குள் மாமியார் மீனைக் கொன்றுவிட்டாள் என்று நாலு பேர் சொல்வார்கள். தொட்டியையும் தூக்கிக்கொண்டு போ என்று அன்றைக்கே சொன்னேன். நீ தூக்கிப் போக வேண்டியதை விட்டுவிட்டு, விட்டுப் போக வேண்டியதைத் தூக்கிக்கொண்டு போனாய்.

உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். போனில் உன் குரல் கேட்டால் அவனிடம் கொடுத்துவிடுவேன். எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளை வழியாகச் சொல்லி அனுப்பலாம் என்றால், லிப்ட் ரிப்பேர் செய்கிறவனிடம் கொடுத்த செய்தி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுகிறது. ஆகவே இந்தக் கடிதம்.

அவன் கம்பெனி நீ இருக்கும் ஊர்க் கிளைக்கு மாற்றல் தருகிறதாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டுமாம். பதிலை நானே சொல்லிவிடுகிறேன்: அவன் வரமாட்டான். மாதக் கடைசியில் லீவு போட்டுவிட்டு வருவான், வாண்டுவை அழைத்துக்கொண்டு திரும்புவான். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவளை நான் பார்த்ததில்லை. நீ அங்கே ஊராருக்குப் பல்செட் செய்துகொண்டிரு. என் பேத்தி இங்கே வளரட்டும்.

செத்த மீனைப் பேப்பரில் சுற்றிப் பூந்தொட்டியில் புதைக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் கணவனைப் பெற்றவள்

பி.கு: வலையை உள்ளே விட்டதும் அது எழுந்து என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு ஓடியது. இப்போது குழாய்க்குள் ஒளிந்துகொண்டு என்னையே பார்க்கிறது. திரும்ப எழுத நேரமில்லை, தைக்கவேண்டிய பள்ளிக்கூட யூனிபாரம் மலைபோலக் கிடக்கிறது. மீன் செத்தது என்பதை மட்டும் அடித்துவிட்டுப் படி. மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.


மே 6

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் அன்பைப் போடாவிட்டாலும் நான் போடுவேன்.

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். பின்குறிப்புக்கு வந்ததும் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மெழுகுப்பல் கீழே விழுந்து உடைந்தது. மேல்வரிசை முன்பல். யாருடையதோ, பாவம், இன்னும் ஒருநாள் காத்திருக்கட்டும்.

சோம்பேறி தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இனமே அப்படித்தான், செத்ததுபோல ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும். வாங்கிய புதிதில் நானும் அழுதிருக்கிறேன். உங்கள் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது அது எழுந்து நீந்தியது. மீனுக்கு இமை கிடையாது அத்தை. உயிரோடு இருந்தாலும் செத்தாலும் தூங்கினாலும் கண் திறந்தேதான் இருக்கும். கண்ணை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

இரண்டு வேளை, ஒரு சிட்டிகை உணவு போதும். தொட்டியில் பளபளவென்று நீலமாக உடுத்திக்கொண்டு சுற்றுகிறவன் மாப்பிள்ளை. அவனுக்குப் பயந்து கல் இடுக்கில் நிற்பவள் சாம்பல்காரி. அவளுக்குக் கொஞ்சம் தனியாகப் போடுங்கள்.

வாண்டு நன்றாக இருக்கிறாள். லேபின் கீழ்த்தளத்திலேயே குழந்தைகள் காப்பகம். என் மேஜை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் அவள் உச்சிக் குடுமி தெரியும். அவளை அனுப்பமாட்டேன். இதை நான் கோபத்தில் எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

அவர் வரமாட்டார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவரிடம் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடமும் அவர் அதைத்தான் சொல்வார். எனக்கு அவர் வேண்டும். வாண்டுவுக்கு அப்பா வேண்டும். நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டேன், கடையை விட்டு ஒரு அடி நகரமாட்டேன் என்றீர்கள். மாதக் கடைசியை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உங்கள்,
மருமகள்


மே 10

மருமகளுக்கு,

பயம் என்று எழுதினால் நான் இளகிவிடுவேன் என்று நினைக்காதே. ஊசிமுனையில் ஜீவனம் நடத்துகிறவள் நான்.

இரண்டு நாளாக வீட்டிலும் முன்கட்டுக் கடையிலும் ஒரு சத்தம். டக், டக் என்று யாரோ விரலைச் சொடுக்குவதுபோல. என் மெஷினில்தான் ஏதோ தட்டுகிறது என்று பாபினைக் கழற்றினேன், எண்ணெய் விட்டேன், பெல்ட்டை மாற்றினேன். நிற்கவில்லை. அடுத்த மெஷினையும் பிரித்துப் போட்டேன். கடையில் தைக்கும் மூன்று பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் உன் பிள்ளையின் அப்பன்தான் தொட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, மீன்தான்மா!" என்றான். உணவு விழுந்ததும் சோம்பேறி டக்கென்று ஒரு சத்தம் போடுகிறது! ருசியாக இருந்தால் இரண்டு முறை போடுகிறது. இத்தனை வருஷம் என் கையால் சாப்பிடும் என் பிள்ளை ஒருநாளும் ஒரு சத்தம் போட்டதில்லை. நன்றியுள்ள மீன்.

ஆனால் சாம்பல்காரி என் மானத்தை வாங்குகிறாள். ஒரு துணுக்கு தொடுவதில்லை. தனியாகப் போட்டேன், பட்டாணியை வேகவைத்துத் தோலை உரித்து மசித்துப் போட்டேன். முகர்ந்து பார்க்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் வீட்டில் ஒரு ஜீவன் பட்டினி கிடப்பதா? தாடை வேறு உப்பலாக இருக்கிறது. உன் மேல் இருக்கும் கோபத்தில் மீனைக் காயப்போடுகிறேன் என்று நீ நினைப்பாய். அதற்காகவே அவளைச் சாப்பிட வைக்காமல் விடப்போவதில்லை.

என் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான். காலையில் சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்து, ஷூவுக்குள் சாக்ஸைச் செருகி, டூல் பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்து அனுப்புகிறேன். அங்கே வந்தால் இதையெல்லாம் யார் செய்வார்கள், நீயா? மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கணவனைப் பெற்றவள்


மே 12

அத்தைக்கு,

நேற்று அவர் போனில், "அம்மா வேண்டாங்கறாங்க, மேனேஜர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

உங்கள் பிள்ளைக்கு வயது முப்பத்து மூன்று. இருபது மாடிக் கட்டடத்தின் லிப்ட் குழிக்குள் ஒற்றைக் கயிற்றில் தொங்கி வேலை செய்கிறார். சாக்ஸ் போட்டுக்கொள்ள அவருக்குத் தெரியும்.

மீனைப் பற்றி எழுத இன்று மனமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். சாப்பிடாவிட்டால் விட்டுவிடுங்கள். எல்லாருக்கும் நீங்களே ஊட்டவேண்டும் என்பதில்லை.

மருமகள்


மே 14

மருமகளுக்கு,

உன் கடிதத்துக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். இப்போது ரத்தம் கொதிக்கிறது, எது எதற்காகக் கொதிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உன் சாம்பல்காரி ஒரு ராட்சசி. பிள்ளை தின்னி!

நடந்ததைச் சொல்கிறேன். தாடை வீக்கம் நாளுக்கு நாள் கூடியது. பல் வேலை செய்கிறவள் வளர்த்த மீனுக்குப் பல்வலியோ என்று எனக்குச் சந்தேகம். விட்டுவிடு என்று நீ எழுதிவிட்டாய். கண்ணெதிரே ஒன்று பட்டினி கிடக்கும்போது என்னால் விட முடியவில்லை. இன்று காலையில் என் பிள்ளையைத் தண்ணீர் மக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வலையால் அவளைப் பிடித்தேன். ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். "அம்மா, வேணாம்மா" என்றான். "நீ ஒழுங்கா பிடி" என்றேன்.

வலையிலிருந்து மக்குக்குள் விட்டதும் அவள் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து குஞ்சுகள் விழுந்தன! ஒன்றா இரண்டா, துப்பத் துப்ப வந்துகொண்டே இருந்தன. கடுகு அளவு தலை, தலையில் பாதிக்குக் கண், வயிற்றில் ஒரு மஞ்சள் மூட்டை. எல்லாம் உயிரோடு நெளிகின்றன. உன் கணவன் மக்கைக் கீழே போடாமல் பிடித்திருந்ததே பெரிய காரியம்.

எந்தப் பாவி பெற்ற பிள்ளைகளோ, மொத்தத்தையும் வாயில் போட்டு அடைத்துக்கொண்டு, சாப்பிட மாட்டேன் என்று எனக்குப் பாசாங்கு காட்டியிருக்கிறாள். வாய் நிறைய இருந்தால் பட்டாணி எப்படி இறங்கும்?

பட்டன் ஜாடியைக் காலி செய்து கழுவி, தொட்டித் தண்ணீரையே ஊற்றி, குஞ்சுகளை அதில் விட்டு, எலாஸ்டிக்கால் கட்டித் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டிருக்கிறேன். பத்திரமாக இருக்கின்றன. அந்த ராட்சசி அப்போதிலிருந்து ஜாடியை விட்டு நகரவில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்து இடித்துக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவு பசி! நான் உயிரோடு இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் கிடைக்காது.

இப்படிக்கு,
உன் கணவனைப் பெற்றவள்


மே 16

அத்தை,

முதலில் எழுந்து போய் என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் சின்னத் தொட்டியை எடுத்து வையுங்கள். பிறகு வந்து மீதியைப் படியுங்கள்.

அவள் தின்னவில்லை. அவள்தான் தாய். முட்டை போட்டதும் அதையெல்லாம் வாயில் பொறுக்கி எடுத்துக்கொள்வாள். முட்டை பொரிவதும் வாய்க்குள்தான், குஞ்சு வளர்வதும் வாய்க்குள்தான். அத்தனை நாளும் ஒரு வாய் சாப்பிடமாட்டாள், சாப்பிட்டால் பிள்ளை உள்ளே போய்விடுமே. கூட்டமாக மற்ற மீன்கள் சுற்றும் இடத்தில் அவளுக்குப் பத்திரமான இடம் என்று வேறு எதுவும் கிடையாது. நீங்கள் பிடித்ததும் பயத்தில் துப்பிவிட்டாள். கண்ணாடியை இடிப்பது பசியால் இல்லை, பிள்ளைகளைக் கேட்கிறாள்.

ஜாடியைப் பெரிய தொட்டியில் திறந்துவிடாதீர்கள், சோம்பேறி ஒரு டக் சத்தத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடும். மாப்பிள்ளையும் அப்படித்தான், தன் பிள்ளை என்று அவனுக்குத் தெரியாது. அதற்குத்தான் அந்தச் சின்னத் தொட்டி. பெரிய தொட்டித் தண்ணீரை அதில் நிரப்பி, காற்று மோட்டாரை மாட்டி, அவளையும் குஞ்சுகளையும் ஒன்றாக விடுங்கள். மேலே ஒரு துணியைப் போட்டு விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சில தாய்கள் திரும்ப எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. சத்தியம் செய்ய முடியாது.

இதையெல்லாம் அவரிடம் போனில் சொன்னேன். லிப்ட் குழிக்குள் இருந்தாராம், பாதிதான் கேட்டதாம். எந்தப் பாதி என்று தெரியாததால் இந்தக் கூரியர்.

அவசரத்தில்,
மருமகள்


மே 18

மருமகளுக்கு,

எடுத்துக்கொண்டாள்.

நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன், நகர்ந்துவிடுவதை மட்டும் செய்யவில்லை. துணியில் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். நான்தான் கெடுத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு மெதுவாகக் கீழே போய், மணலில் கிடந்த ஒன்றை வாயில் எடுத்தாள். அடுத்தது. அடுத்தது. சிந்திய ஊசிகளைப் பொறுக்குவதுபோல, ஒன்றை எடுக்கும்போது முன்னால் எடுத்தது வெளியே வராமல், அவ்வளவு நிதானம். கல்லுக்குப் பின்னால் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்க்கவில்லை. நான் "அங்கே, அங்கேடி" என்று கத்தினேன். கேட்டதோ என்னவோ, திரும்பி வந்து அதையும் எடுத்தாள். கடைப் பெண்கள் கைதட்டினார்கள். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவளைப் பிள்ளை தின்னி என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவளைப் பற்றி எழுதியதை மட்டும்.

சின்னத் தொட்டியை என் மெஷின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். தைக்கத் தைக்கப் பார்த்துக்கொள்ளலாம். தாடையை உப்பிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் என் காபியை வைத்தால்கூட எனக்கு ஒருமாதிரி இருக்கிறது. பெரிய தொட்டியில் மாப்பிள்ளை எதுவும் நடக்காததுபோல மினுக்கிக்கொண்டு திரிகிறான். அந்தக் கதை எனக்குத் தெரிந்ததுதான். உன் மாமனாரும் நல்ல மனிதர், நன்றாக உடுத்துவார். அவர் எங்களை விட்டுவிட்டுப் போனபோது உன் கணவன் பால்புட்டியைக்கூட விடவில்லை. மெஷினுக்கு அடியில் துணியை விரித்து அவனைப் படுக்கவைத்து, ஒரு காலால் அவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இன்னொரு காலால் பெடலை மிதித்திருக்கிறேன். வேலைக்குப் போகும் இடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவளைப் பார்த்ததில்லை என்று உனக்கு எழுதினேன். பார்த்திருக்கிறேன்.

வாண்டுவின் உயரம் எவ்வளவு? தோளிலிருந்து முழங்கால்வரை அளந்து எழுது. பாசத்தில் கேட்கவில்லை. துண்டுத் துணி நிறைய மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
மாமியார்


மே 21

அன்புள்ள அத்தைக்கு,

அளவு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நம்பி வெட்டாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தவளைப் பிடித்து அளந்தது. இடுப்பளவு எடுத்தபோது டேப்பைக் கடித்தாள். நேற்று லேபுக்கு வந்தவள் காயவைத்திருந்த பிளாஸ்டர் அச்சு ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டாள். கீழ்வரிசைக்கு நடுவில் இப்போது அவளுடைய முன்பல் இரண்டும் பதிந்திருக்கின்றன. என் மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேஷண்ட் யாரு?" என்றார்.

சாம்பல்காரியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பத்துத் தரம் படித்தேன். இனி அவள் குஞ்சுகளை வெளியே விடுவாள். அவை பக்கத்திலேயே மேயும். ஏதாவது நிழல் ஆடினால் எல்லாம் அவள் வாய்க்குள் ஓடிவிடும். பார்த்துக்கொண்டே இருங்கள், வேலை ஓடாது.

மெஷினுக்கு அடியில் அவரைப் படுக்கவைத்ததை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கும் தெரியாது. உங்களைத் தனியாக விட்டுவிட்டு வரச்சொல்கிறேனே என்று எனக்கும் உறுத்தாமல் இல்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். இதைச் சொன்னால் உங்களுக்கு வலிக்கும், சொல்லாவிட்டால் எனக்கு.

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது. அப்பா லிப்டில்தான் வேலை செய்கிறார் என்று வாண்டுவுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் "அப்பா!" என்று கத்துகிறாள். உள்ளேயிருந்து வேறு யாராவது வருகிறார்கள். அவர்களும் பாவம், தப்புச் செய்துவிட்டதுபோலச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். நான் இப்போதெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறிவிடுகிறேன். நாலு மாடி.

அவரை அனுப்புங்கள் என்று நான் கேட்கமாட்டேன். அவர் தானாக வரவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. ஆனால் இதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றியது.

உங்கள்,
மருமகள்


மே 30

என் மருமகளுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபமில்லை. உன் கடிதத்தை மெஷின் டிராயரில் வைத்துவிட்டேன், ஒவ்வொரு முறை நூல்கண்டு எடுக்கும்போதும் அது கையில் பட்டுக்கொண்டே இருந்தது.

நீ சொன்னபடியே குஞ்சுகள் வெளியே வந்தன. என்ன கொண்டாட்டம் தெரியுமா? நான் ஒரு துணியை உதறினால் போதும், அத்தனையும் அவள் வாய்க்குள் ஓடி மறைந்துவிடும். மடித்து வைத்தால் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். யூனிபாரம் ஒன்றுகூட நேரத்துக்கு முடியவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் துணியை உதறி உதறிக் காட்டினேன். கிழிந்த பையைத் தைக்க வந்த தபால்காரர் பையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் குஞ்சுகள் பெருத்துவிட்டன. எல்லாம் உள்ளே போனால் அவளுக்கு வாய் மூடவில்லை, வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அப்போதும் அடைத்துக்கொண்டு நின்றாள். நான், பார் எப்படிப்பட்ட தாய் என்று எல்லாரிடமும் பெருமை பேசினேன்.

போன திங்கட்கிழமை துணியை உதறினேன். குஞ்சுகள் ஓடின. அவள் வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் புரியவில்லை. இன்னொரு முறை உதறினேன். அவை அவள் முகத்தைச் சுற்றி மோதுகின்றன, உதட்டை முட்டுகின்றன. இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். அதில் ஒரு தடியன், எல்லாரையும்விடப் பெரியவன், விடாமல் முட்டிக்கொண்டே இருந்தான். அவள் திரும்பி வாலால் ஒரு தள்ளு தள்ளினாள். பையன் உருண்டு போய் விழுந்தான். கொஞ்சம் திகைத்தான். பிறகு கல்லுக்குப் பின்னால் தானே ஓர் இடம் பார்த்து ஒளிந்துகொண்டான். மற்றவையும் அப்படியே போயின. "அடிப்பாவி, இத்தனை நாள் வச்சிருந்து இப்ப இப்படிப் பண்றியே" என்று அவளைத் திட்டினேன். கடைப் பெண்களில் மூத்தவள் தைப்பதை நிறுத்தாமல், "அக்கா, அதுங்க எப்பதான் நீந்தறதாம்?" என்றாள்.

அன்று நான் வேலை செய்யவில்லை. வலையால் பிடித்து, ஜாடியில் அடைத்து, நான் அவளுக்குச் செய்யாத கொடுமை இல்லை. பிள்ளையை வாயில் வைத்திருப்பது எப்படி என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொள்ளத்தான் எனக்குத் தெரியவில்லை. முப்பத்து மூன்று வயதுத் தடியன், வாலும் காலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் நான் விடவில்லை. அவனும் முட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல், நான் வருத்தப்படுவேன் என்று உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். இதை உனக்கு எழுதும்போதுகூட அழுகையாக வருகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் நான் சட்டை எடுத்து வைக்கவில்லை. குளித்துவிட்டு வந்தான்.

"அம்மா, என் நீலச் சட்டை எங்கம்மா?"

"எங்க இருக்கோ அங்க."

கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "உடம்பு சரியில்லையாம்மா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டியா?"

தலை குனிந்துகொண்டான். "இல்லம்மா. சொல்லணும்னு நெனச்சேன். வாயே வரல."

"நல்லவேளை. வர்றேன்னு சொல்லு. இன்னைக்கே சொல்லு."

"நீ தனியா எப்படிம்மா இருப்பே?"

"தனியாவா? எத்தனை மீன் இருக்குன்னு எண்ணிப் பாத்தியா? நாலு மெஷின் ஓடுது. பேச ஆள் வேணும்னா தொட்டியில ஒருத்தன் டக்டக்குனு பேசறான். போடா."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு ஆசையை அடக்கிக்கொண்டா இத்தனை நாள் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இரண்டு பொம்பிளைகளையும் இழுத்தடித்தான்? கேட்டேன். "நீ அழுவேன்னு பயந்தேம்மா" என்றான். "அழுதா அழுதுட்டுப் போறேன், அதுக்காக நீ உம்பொண்டாட்டியை நாலு மாடி ஏற வைப்பியா?" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. லிப்ட் கதையை நீ அவனிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நானும் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். அதை அவன் நேரில் வந்து பார்க்கட்டும்.

இன்று மாலை ரயிலில் ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் அவன் வந்திருப்பான். பெட்டியில் வாண்டுவுக்கு மூன்று கவுன் இருக்கிறது. நீ கொடுத்த அளவை நான் நம்பவில்லை, இரண்டு விரல் கூட்டியே வெட்டியிருக்கிறேன். அவன் பெட்டியை அவனே அடுக்கினான், அதனால் எது எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதே. அவன் கேட்டாலும் சொல்லாதே, தேடட்டும். மீன்களை அனுப்பச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். தரமாட்டேன். குஞ்சுகளில் அந்தத் தடியனுக்கு வால் ஓரத்தில் லேசாக நீலம் தட்ட ஆரம்பித்திருக்கிறது. அவனைப் பெரிய தொட்டியில் விடலாமா, மாப்பிள்ளை சும்மா இருப்பானா, உடனே எழுது. யூனிபாரம் சீசன் முடிந்ததும் கடையை மூத்தவளிடம் விட்டுவிட்டுப் பத்து நாள் வந்து இருக்கிறேன்.

ரயில் போனதும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் பரவாயில்லை. பிறகு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். குஞ்சுகள் தொட்டி முழுக்கத் திரிந்துகொண்டிருந்தன. சாம்பல்காரி முன்னால் வந்து நின்றாள். ஒரு சிட்டிகை போட்டேன். தண்ணீரில் விழுவதற்குள் பாய்ந்து வந்து விழுங்கினாள். இன்னொரு சிட்டிகை, அதுவும் போனது. மணலில் விழுந்த துணுக்கையும் விடவில்லை. அவள் சாப்பிடுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் எனக்கும் எவ்வளவு பசிக்கிறது என்று தெரிந்தது. சமையலறைக்குப் போய், எனக்கு மட்டும் ஒரு தட்டு எடுத்து வைத்து, வயிறாரச் சாப்பிட்டேன்.

அன்புடன்,
அத்தை